சைக்கிள் ஹெட்செட்: ‘சீல்டு’ பேரிங்குக்கு கிரீஸ் வைக்கணுமா, வேண்டாமா?

போன ஜனவரியில் ஒரு நாள், “என் ஹெட்செட் போயிடுச்சு” என்று ஆபீஸில் புலம்பினேன். பக்கத்து சீட்டில் இருந்தவள் உடனே தன் இயர்போனைக் கழற்றி நீட்டினாள். அவள் மேல் தப்பில்லை. இணையத்தில் ஹெட்செட் என்று தேடினாலும் காதில் மாட்டுவதுதான் வரிசையாக வந்து நிற்கிறது. நான் சொன்னது சைக்கிளின் கழுத்துக்குள் இருப்பதை.

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத ஹைப்ரிட் சைக்கிள் அது. முதல் சர்வீஸுக்கு விட்டபோதே, “ஹெட்செட்டுக்கும் கிரீஸ் வெச்சிடுங்க” என்று கேட்டிருந்தேன். அப்பா தன் சைக்கிளை வருஷா வருஷம் ‘ஓவராயில்’ பண்ணக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்ததால் வந்த பழக்கம். “இது சீல்டு பேரிங் மேடம், கிரீஸே தேவையில்லை. கழட்டாம இருந்தாலே நல்லா ஓடும்” என்றார்கள் கடையில். பெயரிலேயே ‘சீல்’ இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன்பிறகு இரண்டு வடகிழக்குப் பருவமழை. முழங்கால் தண்ணீரில் சில நாள் ஆபீஸ் போய் வந்தது. வாரக் கடைசியில் கடற்காற்று அடிக்கும் ஈசிஆர். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது, ஹேண்டில்பார் நேராக இருக்கும் இடத்தில் ஏதோ சின்னக் குழிக்குள் விழுந்து உட்காருவது போல ஓர் உணர்வு. லேசாகத் திருப்பினால் திரும்பாது. கொஞ்சம் அழுத்தினால் ‘டக்’கென்று தேவைக்கு மேல் திரும்பிவிடும். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி ஓர் ஆம்னி பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போன நொடியில்தான் இது சின்ன விஷயமில்லை என்று உறைத்தது. சைக்கிள் சாயாமல் நிற்பதே நாம் அறியாமல் ஹேண்டிலை நூலளவு அப்படியும் இப்படியும் திருத்திக்கொண்டே இருப்பதால்தான். அந்த நூலளவு அசைவு கிடைக்காமல் போனால் நேர்கோட்டில் ஓட்டவே முடியாது.

சரி, கடைக்காரர்கள் சொன்னது தப்பா? பாதி சரி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிளின் கோன்செட்

மோட்டார் பைக் வைத்திருப்பவர்களுக்கு ‘கோன்செட் போயிடுச்சு’ என்ற மெக்கானிக் வசனம் பழக்கம். சைக்கிளில் அதே வேலையைச் செய்வதுதான் ஹெட்செட். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டு, ஃப்ரேமின் முன்பக்கக் குழாய் வழியாக மேலேறி ஹேண்டில்பாரோடு சேர்கிறது. அந்தக் குழாயின் மேல் வாயில் ஒரு பேரிங், கீழ் வாயில் ஒரு பேரிங். இவை இரண்டும், இவற்றைத் தாங்கும் வளையங்களும், மேலிருக்கும் மூடியும் சேர்ந்ததுதான் ஹெட்செட்.

மேல் பேரிங் ஓரளவு சொகுசாக வாழ்கிறது. அதன் தலையில் விழுவது மழையும் நம் வியர்வையும்தான். கீழே இருப்பதுதான் பாவம். முன்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, டயர் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. மட்கார்டு இல்லாத சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம். குழி, ஸ்பீட் பிரேக்கர் என்று சாலை கொடுக்கும் அடியும் முதலில் அதற்குத்தான். ஹெட்செட் கெட்டால் பெரும்பாலும் கீழ் பேரிங்தான் முதலில் போகும்.

ஓவராயில் காலம்

அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் போன்ற சைக்கிள்களில் இந்தக் குழப்பமே கிடையாது. கப்பு, கோன், நடுவில் பால்ரஸ் குண்டுகள். குண்டுகள் தனித்தனியாக இருக்கும், அல்லது ஒரு தகட்டு வளையத்தில் கோத்திருக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு அலசுவார். கப்பில் கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து மறுபடி பூட்டுவார். இங்கிலீஷில் ‘ஓவர்ஹால்’ என்பது நம் ஊர் சைக்கிள் கடையில் ‘ஓவராயில்’ ஆனது ஏதோ ஒரு நியாயத்தோடுதான். ஆயிலும் கிரீஸும்தானே அங்கே பாதி வேலை.

சைக்கிளும் பேரிங்கும் கூடவே வளர்ந்தவை. பாரீஸைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக் ஜூல் சூரிரே 1869-இல் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாரீஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தது அந்த பேரிங் பொருத்திய வண்டியில்தான். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வந்த சைக்கிள்களிலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் போன்ற சாதாரண வண்டிகளிலும் இதே கப்பு–கோன் ஏற்பாடுதான். உங்கள் வீட்டில் இருப்பது அந்த ரகம் என்றால் பதில் ஒரே வரி: கிரீஸ் வைத்தே ஆகணும், வருஷத்துக்கு ஒருமுறையாவது. மேற்கொண்டு படிப்பது உங்கள் இஷ்டம்.

1990-களின் தொடக்கத்தில் டயா-காம்ப் நிறுவனம் ‘அஹெட்செட்’ என்ற பெயரில் மரையில்லாத ஹெட்செட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய நட்டைப் போட்டு இறுக்கும் முறை மெல்ல மறைந்தது. குண்டுகளைக் கையில் எண்ணிப் பதிக்கிற வேலையும் நல்ல விலை சைக்கிள்களிலிருந்து போய், எல்லாம் ஒரே வளையமாக அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் பேரிங் வந்து உட்கார்ந்தது. நாம் ‘சீல்டு பேரிங்’ என்பது இதைத்தான்.

‘சீல்’ என்றால் என்ன சீல்?

வெளிவளையம், உள்வளையம், நடுவில் குண்டுகள், குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டு. இதற்கு இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் தட்டு. அந்தத் தட்டின் வெளி விளிம்பு வெளிவளையத்தின் பள்ளத்தில் பதிந்திருக்கும். உள் விளிம்பு உள்வளையத்தை லேசாக உரசிக்கொண்டு நிற்கும். சீல் என்பது இவ்வளவுதான். பேரிங் மேல் ‘2ஆர்எஸ்’ என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்று அர்த்தம். ‘இசட்இசட்’ என்றால் தகட்டு மூடி. அது உள்வளையத்தைத் தொடவே தொடாது, இடைவெளி இருக்கும்.

தண்ணீர் பாட்டில் மூடியின் சீலோடு இதை ஒப்பிடக் கூடாது. ஒரு வளையம் நிற்க, மற்றது திரும்பணும். அப்படித் திரும்பும் இடத்தில் ஒரு மெல்லிய உதடு உரசுகிறது. தூசியைத் தடுக்கும், உள்ளிருக்கும் கிரீஸ் வழியாமல் பார்த்துக்கொள்ளும், மழைச் சாரலைச் சமாளிக்கும். தேங்கிய தண்ணீரில் முங்கினாலோ, வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப்பை நேராகப் பிடித்தாலோ தாங்காது. வெயிலில் நின்று சூடான சைக்கிள் மேல் திடீர் மழை பெய்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது உதட்டோரம் நிற்கும் ஈரம் உள்ளே இழுக்கப்படவும் வாய்ப்பு உண்டு. போன தண்ணீர் திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே தங்கும்.

சுற்றாத பேரிங்கின் சோகம்

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் படித்தபோதுதான் எனக்கே பல்பு எரிந்தது. சக்கரத்திலும் பெடலிலும் இருக்கும் பேரிங் முழுசாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கிரீஸ் புரண்டு குண்டுகளின் மேல் மறுபடி பூசப்படும். ஹெட்செட் பேரிங் அப்படிச் சுற்றுவதே இல்லை. ஈசிஆரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஹேண்டில் திரும்புவது சில டிகிரிதான். குண்டுகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றபடி அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு, குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கிற கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுக்கிவிடும். பிதுங்கியது திரும்பி வராது. பிறகு இரும்போடு இரும்பு உரசும். நுண்ணிய துகள்கள் பெயர்ந்து, துருப்பிடித்து, செம்மண் நிறப் பொடியாகி, அதுவே மேலும் தேய்க்கும். கடைசியில் ஒவ்வொரு குண்டுக்கும் கீழே ஒரு குழி.

இன்ஜினியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஃபால்ஸ் பிரினெலிங்’. கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளந்து கடினத்தன்மை சொல்லும் சோதனையை 1900-இல் அறிமுகம் செய்தவர் ஸ்வீடனின் யோஹான் ஆகஸ்ட் பிரினெல். பார்க்க அந்தக் குழி போலவே இருக்கும், ஆனால் அழுத்தத்தால் வந்ததில்லை, அதனால் ‘ஃபால்ஸ்’. 1930-களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்கள், ஒரு மைல்கூட ஓடாமலேயே சக்கர பேரிங்கில் குழியோடு போய் இறங்கின. சக்கரம் சுற்றவே இல்லை. ரயில் குலுங்கியதே போதுமானதாக இருந்தது.

குழியில் இறங்கி இறங்கித்தான் ஹெட்செட் போகிறது என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. சைக்கிள் சக்கரத்தைப் பற்றி உலகம் அறிந்த புத்தகம் எழுதிய அமெரிக்க இன்ஜினியர் ஜாப்ஸ்ட் பிராண்ட் இதை மறுத்து வாதாடியவர். அடி வாங்குவதைவிட, நேராகப் போகும்போது அசையாமல் நின்று உரசுவதுதான் ஹெட்செட்டைத் தின்கிறது என்றார். என் ஹேண்டில் ஏன் சரியாக நடுவில் மட்டும் ‘டக்’கென்று உட்கார்ந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. நாம் அதிகம் ஓட்டுவது நேராகத்தானே.

அப்போ கிரீஸ்?

இங்கேதான் எல்லோரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டு. பேரிங்குக்கு உள்ளே, குண்டுகளுக்கு இடையே இருக்கும் கிரீஸ் ஒன்று. பேரிங்குக்கு வெளியே, அது ஃப்ரேமில் உட்காரும் இடத்தில் பூச வேண்டிய கிரீஸ் இன்னொன்று. உள்ளே இருப்பதை கம்பெனியே வைத்து அனுப்புகிறது. புது பேரிங்கில் அதைத் தொடவே வேண்டாம். கடைக்காரர்கள் சொன்னதில் சரியான பாதி இது.

வெளியே இருப்பதை கம்பெனி வைக்காது. சைக்கிளைப் பூட்டுபவர்தான் வைக்கணும். அவர் கஞ்சத்தனம் பண்ணியிருந்தாலோ மறந்திருந்தாலோ, நீங்களாகக் கழற்றிப் பார்க்கும்வரை தெரியாது. ‘சீல்டு, தொட வேண்டாம்’ என்ற வாசகத்தால் அடிபட்டுப் போவது இந்த வெளி கிரீஸ்தான்.

வெளியே எதுவும் சுற்றவில்லையே, அங்கே எதற்கு கிரீஸ் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கிரீஸ் இருப்பது வழுக்குவதற்காக இல்லை, தண்ணீர் புகாமல் அந்த இடத்தை அடைத்துக்கொள்வதற்காக. பேரிங்கின் வெளிவளையம் எஃகு. பெரும்பாலான புது சைக்கிள்களின் ஃப்ரேம் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூட அறிவியலில் படித்த பேட்டரி இதுதான். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும், எஃகு துருப்பிடிக்கும், இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். உலர்ந்த இரண்டு உலோகங்கள் உரசுவதால் வரும் ‘கிரீச்’ சத்தமும், இந்த மெல்லிய பூச்சு இருந்தால் வராது. சீலின் உதட்டுக்கு வெளியே ஒரு விரல் தடவல் கிரீஸ், தண்ணீருக்கு முதல் தடுப்பாகவும் நிற்கும்.

என் சைக்கிளில் அது இல்லை. எங்கள் தெரு முனையில் பல வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஃபோர்க்கை உருவியதும் கீழ் பேரிங்கின் உள்வளையமும் துருப்பிடித்த குண்டுகளும் அவர் கையோடு வந்தன. வெளிவளையம் மட்டும் ஃப்ரேமுக்குள்ளேயே நின்றுவிட்டது. “ஏம்மா, வாங்கினதுல இருந்து இதைக் கழட்டவே இல்லையா?” என்றார். சீல்டு பேரிங் கதையைச் சொன்னேன். சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

என் ஃப்ரேம் ‘இன்டகிரேட்டட்’ ரகம். அதாவது பேரிங் உட்காரத் தனிக் கப்பு கிடையாது, ஃப்ரேமிலேயே குடைந்த இடம்தான் இருக்கை. கப்பு இருந்தால் கப்பைத் தட்டி எடுத்து மாற்றிவிடலாம். இங்கே இருக்கை பாழானால் ஃப்ரேமே பாழ். இரண்டு மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள், ஒரு சிட்டிகை கிரீஸ் இல்லாததால் காயலான் கடைக்குப் போகிற நிலை. துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி அப்படியே வைத்தார். காலையில் பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்து குழாயின் வெளிப்பக்கம் மெல்ல ஊற்றினார். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இருக்கை விரிந்து வளையத்தின் பிடி தளர்ந்தது. பஞ்சை உள்ளே கொடுத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஐந்தாறு முறை தண்ணீர் ஊற்றிய பிறகு வளையம் கழன்று தரையில் விழுந்தது. இருக்கையில் அரிப்பு லேசாகத்தான் இருந்தது. தப்பித்தேன்.

உள்ளே வைப்பது எப்போது?

புதுசில் வேண்டாம் என்றேன். பழசில்? பேரிங்கைக் கையில் எடுத்து உள்வளையத்தை விரலால் திருப்பிப் பாருங்கள். வெண்ணெய் போல வழுவழு என்று திரும்பினால் துடைத்து, வெளியே கிரீஸ் பூசி, அப்படியே திருப்பி மாட்டலாம். மணல் அரைபடுவது போல லேசான கரகரப்பு என்றால் திறந்து சுத்தம் பண்ணி கிரீஸ் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ‘டக் டக்’கென்று படிக்கட்டு போல நின்று நின்று திரும்பினால் குழி விழுந்துவிட்டது. அதற்கு எந்த கிரீஸாலும் வைத்தியம் இல்லை. கிரீஸ் வைத்தால் ரெண்டு நாள் சுகமாகத் தெரியும், அப்புறம் அதே கதை. மாற்ற வேண்டியதுதான்.

திறப்பது என்றால், மெல்லிய பிளேடு முனையால் ரப்பர் தட்டை நைசாக நெம்பினால் வந்துவிடும். மடங்காமல், உதடு கிழியாமல் எடுக்கணும். கிழிந்தால் பேரிங்கின் ஆயுசே அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் அலசி எடுத்து, நன்றாகக் காய வைத்து, பிறகு புதுசு. பழசின் மேலேயே புதுசை அப்புவது நல்லதில்லை. எல்லா கிரீஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சில ஜோடிகள் கலந்தால் இளகித் தண்ணியாகிவிடும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். தகட்டு மூடி போட்ட பேரிங்கைத் திறக்க முயலவே வேண்டாம்.

எவ்வளவு வைப்பது என்பதில் ஒரு சுவாரசியம். வேகமாகச் சுற்றும் பேரிங்கில் கிரீஸை நிரப்பிவிட்டால் அதைக் கடைவதிலேயே சூடேறிவிடும். அதனால் கம்பெனியில் பொதுவாக உள்ளிருக்கும் காலி இடத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வைப்பார்கள். நம் ஹெட்செட் வேகமாகச் சுற்றப்போவதே இல்லையே. சூடு பற்றிய பயம் இங்கே கிடையாது. ஆகவே தாராளமாக நிரப்பலாம். கிரீஸ் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு இடம் இல்லை. புது பேரிங்கையே திறந்து முழுக்க நிரப்பி மாட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். மழையில் தினமும் ஓட்டுபவர் என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் கை நடுங்குகிற கை. ஒரு நல்ல சீலைக் கிழிப்பதைவிட மூடியபடியே விட்டுவிடுவேன்.

திறந்து கிரீஸ் வைக்கும் யோசனை ஏதோ குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். சீல்டு ஹெட்செட்டுக்கே பேர்போன அமெரிக்காவின் கிறிஸ் கிங், 1976-இல் மருத்துவக் கருவிகளுக்கான பேரிங்குகளை வைத்துத் தன் முதல் ஹெட்செட்டைச் செய்தவர். அவர் கம்பெனியின் பேரிங்கில் சீலைக் கழற்றி, அலசி, கிரீஸ் வைத்துத் திருப்பி மாட்டுவதற்கென்றே வசதி வைத்திருக்கிறார்கள். விலை மட்டும் நம்மை யோசிக்க வைக்கும்.

வீட்டிலேயே பண்ணலாமா?

தாராளமாக. அலன் கீ செட், துணி, கிரீஸ் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது. முதலில் போனில் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூடி போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் மேலே வந்துவிடும். இந்தக் கட்டத்தில் ஒரு கையால் ஃபோர்க்கைப் பிடித்திருக்கணும், இல்லையென்றால் சக்கரத்தோடு கீழே விழும். நடுவில் இருக்கும் பிளந்த வளையம் சில சமயம் கவ்விக்கொண்டு விடாது. தண்டின் தலையில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இளகும். இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

பேரிங்குகளை எடுத்து, அவை உட்காரும் இடம், ஃபோர்க்கின் அடியில் இருக்கும் வளையம், பிளந்த வளையம் எல்லாவற்றையும் பளிச்சென்று துடையுங்கள். எல்லாத் தொடுபரப்பிலும் மெல்லிய பூச்சு. கண்ணுக்குத் தெரிந்தால் போதும், இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைக்கிற மாதிரி அப்ப வேண்டாம். பிதுங்கி வெளியே நிற்பதைத் துடைத்துவிடணும். வெளியே நிற்கும் கிரீஸ் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் சொல்வது அந்த அளவுக்கு உண்மைதான். கார்பன் ஃபோர்க் என்றால் ஒரு எச்சரிக்கை: ஸ்டெம் கவ்விப் பிடிக்கும் தண்டுப் பகுதியில் கிரீஸ் படவே கூடாது. பிடி வழுக்கும்.

எந்த கிரீஸ்? என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மையில் வரும், தண்ணீர் தாங்கும் ரகம் எதுவும் ஓகே. படகு வேலைக்கென்று விற்கும் மெரைன் கிரீஸ் இதற்கு அருமை. பைக் கடையில் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். டபிள்யூடி-40 வேண்டாம். அது 1950-களில் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவான திரவம், பேரிங்கில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெய் பற்றியும் ஒருவர் கேட்டார். தலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

திருப்பி மாட்டும்போது பேரிங்கின் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். ஹெட்செட் பேரிங்கின் விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், 36 அல்லது 45 டிகிரி என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வெளிப்பக்கச் சரிவு ஃப்ரேமோடு பொருந்தணும். தலைகீழாக மாட்டினால் என்ன இறுக்கினாலும் ஆட்டம் போகாது. மாற்ற நேர்ந்தாலும் பழசைக் கையோடு கொண்டுபோய் அளவையும் டிகிரியையும் காட்டி வாங்குங்கள். வெளிவிட்டம் 41 மில்லிமீட்டர், 41.8 மில்லிமீட்டர் என்று நூலிழை வித்தியாசத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் இறுக்கும் வரிசைதான் முக்கியம், நிறைய பேர் தப்பு பண்ணுவதும் இங்கேதான். முதலில் மேல் மூடி போல்ட்டை ஆட்டம் போகும்வரை மட்டும் இறுக்கணும். அதன்பிறகு ஸ்டெம்மை நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம், மாற்றி மாற்றி இறுக்கணும். ஃபோர்க்கைப் பிடித்து நிற்பது இந்த போல்ட்டுகள்தான், மேல் மூடி இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘கட கட’ என்று ஆடினால் தளர்வு. முன்சக்கரத்தைத் தூக்கி லேசாகச் சாய்த்தால் ஹேண்டில் தானாக விழணும். தயங்கி நின்றால் இறுக்கம் அதிகம். இறுக்கமாகவே ஓட்டினால் நாம் மேலே பார்த்த குழி இன்னும் சீக்கிரம் விழும்.

எனக்கு இரண்டு பேரிங்கும் புதுசு. இருக்கையின் அரிப்பை அண்ணன் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நான் பார்க்கவே இரண்டு முறை கிரீஸ் பூசி மாட்டிக் கொடுத்தார். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கணும் என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஒரு தடவை என்றார். சென்னை மழைக்கு இதைவிடச் சரியான சர்வீஸ் அட்டவணையை நான் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் பார்க்கவில்லை.